பப்பெட்டில் இஃப் நிபந்தனைக்குள் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எதற்கு?

ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பது ஒரு பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் அச்சு. சர்வர்களை நிர்வகிக்கும் மென்பொருளான பப்பெட்டில், இஃப் வரியில் =~ குறியைப் போட்டு, வலப்பக்கம் இரு சாய்கோடுகளுக்கு நடுவே அந்த அச்சை எழுதுகிறோம். சர்வரின் பெயர் அதில் பொருந்தினால்தான் உள்ளே இருக்கும் கட்டளைகள் நடக்கும்.

வெப்-01, வெப்-02 என்று நாற்பது சர்வர்கள் இருந்தால், ஒவ்வொன்றையும் == (சமம்) போட்டு எழுதி மாளாது. புதிதாக ஒன்று வந்தால் மறுபடியும் கோப்பைத் திறக்க வேண்டும். ^வெப்-[0-9]+$ என்றால் ஒரே வரியில் முடிந்தது; [0-9]+ என்பது ஒன்றோ பலவோ இலக்கங்கள்.

பின்கோடின் முதல் இலக்கத்தைப் பார்த்தே கடிதம் எந்த அஞ்சல் மண்டலத்துக்குரியது என்று பிரித்துவிடலாம். ஆனால் அந்த இலக்கம் முதலில் இருக்க வேண்டும். நடுவில் இருந்து பயனில்லை. ^ (தொடக்கம்), $ (முடிவு) குறிகளின் வேலையும் இதுதான். அவற்றை விட்டால் 'பழையவெப்-01' என்ற ஓய்வுபெற்ற சர்வரும் உள்ளே நுழைந்துவிடும். ஒவ்வொரு சர்வரிலும் இருந்து கட்டளைகளை நிறைவேற்றும் பப்பெட் ஏஜென்ட் வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்; தவறான கட்டளையும் சத்தமில்லாமல் போய்ச் சேரும்.

இன்னொரு வம்பு: ஆங்கிலப் பெயர்களில் == பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்ப்பதில்லை; =~ பார்க்கும்.

கோப்புகளைத் தேடும்போது போடும் * குறிதான் இதுவும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அது முந்தைய எழுத்து எத்தனை முறை வந்தாலும், வராவிட்டாலும் சரி என்கிறது. அதனால் வெப்-* என்பது சிறுகோடே (-) இல்லாத 'வெப்மெயில்' சர்வருக்கும் பொருந்தும்.