தோண்டாமல் மதில் தெரியுமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை மாடிப் பூங்கா பக்கம், புதைந்த பழைய நகர மதிலைக் காந்த அளவி (காந்தப்புலத்தின் சிறு மாற்றங்களை அளக்கும் கருவி) காட்டுமா?

பதில்: காட்டலாம். சுட்ட செங்கல் சூளையில் ஆறும்போதே காந்தம் ஏறிவிடும். ஆனால் மதிலில் செங்கற்கள் திசைமாறி அடுக்கப்படுவதால் காந்தச் சைகை மங்கும். சூளைத்தரை அளவுக்குப் பளிச்சென்று இராது.

20 மீட்டர் சதுரக் கட்டம் போட்டு, அரை மீட்டர் இடைவெளியில் வரிசை பிடித்து, 25 செ.மீ.க்கு ஓர் அளவு எடுங்கள். செல்போன், பெல்ட் பக்கிள், சாவிக்கொத்து கூடாது.

சென்னையில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய கிடையாக ஓடுகிறது. அதனால் கிழக்கு மேற்கான சுவரின் நேர் மேலே அளவு தாழ்வாகவும் இருபுறமும் உயர்வாகவும் பதியும். தெற்கு வடக்கான சுவரோ முனைகளில்தான் தலைகாட்டும். அளவுகளை வைத்து வரைந்த படத்தில் கோடு இல்லையென்று கைவிடாதீர்கள்.

வடசென்னையில் பெரிய தொல்லை இரும்புதான்: குடிநீர்க் குழாய், கம்பி வேலி, நிறுத்திய லாரி. இவற்றின் அருகே எடுத்த அளவுகளை நம்ப வேண்டாம்.