பெயரே பட்டமாக இருந்த காலம்

கேள்வி: அயர்லாந்தில் ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்கள் பல நாடுகளிலிருந்தும் வந்து கூடி, தங்கள் குலத்துக்குப் புதிய தலைவரைப் பதவியில் அமர்த்தினார்கள் என்று படித்தேன். குடியரசு நாட்டில் அப்படிப்பட்ட தலைவருக்கு என்ன அதிகாரம் இருக்க முடியும்?

பதில்: சட்டப்படி எந்த அதிகாரமும் இல்லை. அரசு பிரபுப் பட்டங்கள் வழங்கக் கூடாது என்று அயர்லாந்து அரசியலமைப்பின் 40ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே புதிய தலைவர் வரி வாங்க முடியாது, வழக்குத் தீர்க்க முடியாது, ஓர் அடி நிலத்தையும் தமது என்று கோர முடியாது. கூட்டங்களுக்குத் தலைமை வகிப்பது, வம்சாவளி ஆவணங்களைத் திரட்டுவது, வெளிநாடுகளில் இருக்கும் உறவினர்களோடு தொடர்பு வைத்திருப்பது போன்றவையே அவருக்கு வாய்க்கும் வேலை. 1845 முதல் 1852 வரை நீடித்த உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மடிந்தார்கள். அதே அளவினர் கப்பலேறினார்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகள் பாஸ்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் திரும்பி வந்து நிற்பதற்கு ஓரிடமும், வரவேற்பதற்கு ஒருவரும் வேண்டாமா? இன்றைய தலைவரின் பயன் அதுதான் என்பேன்.

கேள்வி: பழைய காலத்தில் பதவியேற்பு எப்படி நடந்தது? முடி சூட்டினார்களா?

பதில்: முடி இல்லை, கல்லும் கோலும் செருப்பும்தான். ஒவ்வொரு பெருங்குலத்துக்கும் ஒரு குன்றோ பாறையோ இருந்தது. ஓடோனல்களுக்கு டோனகால் பகுதியில் டூன் பாறை, ஓபிரையன்களுக்கு கிளேர் பகுதியில் மாக் அடைர் மேடு, ஓநீல்களுக்கு டிரோன் பகுதியில் டல்லிஹோக் குன்று. தலைவரின் கையில் வெள்ளைக் கோல் ஒன்றைக் கொடுப்பார்கள். வளைவும் கணுவும் இல்லாத அந்தக் கோல் நேர்மையான ஆட்சிக்கு அடையாளம் என்று கருதப்பட்டது. செங்கோல் என்ற சொல்லை அறிந்த நமக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை.

டல்லிஹோக்கில் நடந்த சடங்கை, ஆங்கிலப் படையோடு வந்த ரிச்சர்ட் பார்ட்லெட் என்ற நிலப்பட வரைவாளர் 1602ஆம் ஆண்டையொட்டி ஒரு வரைபடத்தின் மூலையில் சிறு சித்திரமாகத் தீட்டி வைத்தார். கல் நாற்காலியில் தலைவர் அமர்ந்திருக்க, ஒருவர் அவருடைய தலைக்கு மேலே ஒற்றைச் செருப்பைப் பிடித்திருக்கிறார். செருப்பைத் தலைக்கு மேலே எறிவது ஓகஹான் குலத்தாரின் உரிமை என்றும், அது பொற்செருப்பு என்றும் மரபு சொல்கிறது. நமக்குச் செருப்பு தலைக்கு மேலே வந்தால் அவமானம். அவர்களுக்கோ அது முன்னோர் நடந்த வழியில் நடப்பதற்கான பொறுப்பு.

சடங்கின் உச்சம் அதற்குப் பிறகு வருவது. கீழ்ப்பட்ட குலத்தலைவர் ஒருவர் புதியவரின் குலப்பெயரை மட்டும் உரக்கச் சொல்லி அழைப்பார். சொந்தப் பெயர் உதிர்ந்துவிடும். அந்தக் கணம் முதல் அவர் வெறும் ‘ஓநீல்’. இங்கிலாந்து அரசு இந்தப் பெயருக்கு எவ்வளவு அஞ்சியது என்றால், 1569இல் ‘ஓநீல்’ என்ற பட்டப்பெயரையே ஒழிப்பதாக டப்ளின் நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்றியது. அதையும் மீறி 1595இல் ஹியூ ஓநீல், இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத் அளித்திருந்த டிரோன் பிரபு என்ற பட்டம் கையில் இருக்கும்போதே, டல்லிஹோக்கில் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டார். 1602இல் ஆங்கிலத் தளபதி மவுண்ட்ஜாய் பிரபுவின் படை அந்தக் கல் நாற்காலியை உடைத்துப் போட்டது. 1607இல் ஹியூ ஓநீல் ரத்மல்லன் துறையிலிருந்து கப்பலேறினார், திரும்பவே இல்லை.

கேள்வி: மூத்த மகன்தானே தலைவராக வேண்டும்? தேர்தல் வைப்பது மரபு மீறல் இல்லையா?

பதில்: நேர் எதிர். மூத்த மகனுக்கே எல்லாம் என்பது ஆங்கிலச் சட்டம். அயர்லாந்தின் பழைய முறையில், ஒரே கொள்ளுத்தாத்தாவின் வழிவந்த ஆண் பங்காளிகள் அனைவருக்கும் தகுதி உண்டு. தலைவர் உயிரோடு இருக்கும்போதே அடுத்தவரைத் தேர்ந்து ‘தானிஷ்டா’ என்று பெயரிடுவார்கள். (அயர்லாந்தின் துணைப் பிரதமருக்கு இன்றும் அதுதான் பதவிப்பெயர்.) அண்ணன் தம்பிகளுக்குள் ரத்தம் சிந்திய கதைகளும் இந்த முறையால் ஏராளம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1608இல் டப்ளின் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இந்த வாரிசு முறை செல்லாது என்றது.

வேடிக்கை என்னவென்றால், சுதந்திர அயர்லாந்தின் வம்சாவளி அலுவலகம் 1940களில் பழைய குலத்தலைவர்களை மரியாதைக்காக அங்கீகரிக்கத் தொடங்கியபோது, பின்பற்றியது மூத்த மகன் வழியைத்தான். அந்த ஏற்பாடு நீடிக்கவும் இல்லை. ‘மக்கார்த்தி மோர்’ என்ற பட்டத்துக்கு 1992இல் அங்கீகாரம் பெற்றவரின் வம்சாவளி பொய் என்று 1999இல் அம்பலமாகி, அங்கீகாரம் திரும்பப் பெறப்பட்டது. 2003இல் அரசு அந்த வழக்கத்தையே கைவிட்டது. இப்போது குலச் சங்கங்கள் கூடித் தேர்ந்தெடுப்பதுதான், என் பார்வையில், பழைய முறைக்கு அதிக நெருக்கமானது. ஒரு வேறுபாடு மட்டும்: அன்று நான்கு தலைமுறைப் பங்காளிகளுக்குள் தேர்வு நடந்தது, இன்று அதே பெயர் கொண்ட எவரும் வாக்களிக்கலாம் என்கிற சங்கங்கள் இருக்கின்றன.

கேள்வி: ஒரே பெயர் என்றால் எல்லாரும் ரத்த உறவுதானா?

பதில்: இல்லை. ‘மக்’ என்றால் மகன், ‘ஓ’ என்றால் பேரன் அல்லது வழித்தோன்றல். மர்ஃபி போன்ற பெயர்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பல இடங்களில் தோன்றியவை. மரபணுச் சோதனை வந்த பிறகு சில கூட்டங்களில் ஏமாற்றமும் உண்டு.

கேள்வி: பெண்கள் தலைவராகலாமா?

பதில்: பழைய சட்டத்தில் இடமில்லை. மேயோ கடற்கரையின் ஓமாலி குலத்துத் தலைவரின் மகள் கிரேஸ் ஓமாலி கப்பல்களை நடத்தினார், 1593இல் கிரீனிச்சில் முதலாம் எலிசபெத்தை நேரில் கண்டு பேசினார். ஆனாலும் தந்தையின் பட்டம் அவருக்கு வரவில்லை. இன்றைய ஓமாலி சங்கம் பெண்களையும் தலைவராகத் தேர்ந்தெடுத்திருக்கிறது.