"விட்டதைப் பிடிக்கணும்": ரம்மி, ஆப்ஷன், கேம் பற்றிய கேள்வி பதில்

கணவர் ஆன்லைன் ரம்மியில் 4 லட்சம் வரை விட்டுவிட்டார். லோன் ஆப்களிலும் கடன். "நகையை விற்று அடைத்துவிடு, இனி தொடமாட்டேன்" என்று சத்தியம் செய்கிறார். நம்பலாமா?

சத்தியம் செய்யும் நேரத்தில் அவர் பொய் சொல்லவில்லை அம்மா. ஆனால் கடன் மொத்தமும் ஒரே நாளில் அடைந்தால், புதுக் கடன் வாங்கும் வழி மறுபடி திறக்கும். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணமோ அப்படியே இருக்கும். நகையை இப்போது தொடாதீர்கள்.

முதல் வேலை, கடன் மொத்தம் எவ்வளவு என்று அறிவது. வாயால் கேட்டால் வெட்கத்தில் பாதிதான் சொல்வார். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அவர் சம்மதத்தோடு, பக்கத்தில் உட்கார்ந்து அதை இறக்குங்கள். வங்கிக் கடன், கார்டு, பதிவுபெற்ற நிறுவனக் கடன் தெரிந்துவிடும். கைமாற்றும் கந்துவட்டியும் அதில் வராது. தனியாகக் கேட்டு எழுதுங்கள். யாருக்கு, அசல், வட்டி, தவணைத் தேதி என்று ஒரே தாளில் நான்கு கட்டம். பணம் அவர் கைக்குப் போகாமல் கடன் கொடுத்தவருக்கே நேராகப் போகட்டும், தவணையாக.

அடுத்தது, பணம் ஓடும் வழி. டெபிட், கிரெடிட் கார்டுகளில் ஆன்லைன் பரிவர்த்தனையை வங்கி ஆப்பிலேயே அணைக்கலாம். சம்பளக் கணக்கிலிருந்து யூபிஐயை எடுத்துவிடுங்கள். சம்பளம் வந்த அன்றே வீட்டுச் செலவுக் கணக்குக்கு மாற்றிவிட்டு, அன்றாடச் செலவுக்கு ரொக்கம் கொடுங்கள். இது அவருக்குத் தண்டனை இல்லை. ஆடத் தோன்றும் வேகம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போய் இறங்கிவிடும். அந்த நேரத்தில் போனுக்கும் பணத்துக்கும் நடுவே இரண்டு தடையாவது இருந்தால் போதும். இரவு பத்தரைக்கு, எல்லோரும் படுத்த பிறகு, கட்டைவிரல் தானாக அந்த ஐகான் இருந்த இடத்தைத் தேடும். அந்த நேரத்தில் போன் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும்.

முதல் இரண்டு வாரம் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும். கடன் வெளியே தெரிந்த நாட்கள்தான் தற்கொலை எண்ணத்துக்கு மிக ஆபத்தானவை. "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்று சொன்னால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் கூப்பிடலாம். உடனடி ஆபத்து என்றால் நேரே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை மத்திய அரசு 2025-இல் தடை செய்துவிட்டதே, இன்னுமா பிரச்சினை?

பணம் வைத்து ஆடும் ஆப்களை நடத்துவதும் விளம்பரப்படுத்துவதும் அந்தச் சட்டப்படி குற்றம். ஆடுபவருக்கு அதில் தண்டனை இல்லை. எனவே மருத்துவரிடம் பயப்படாமல் சொல்லலாம். டெலிகிராமில் வரும் ஏபிகே கோப்புகளும் (ப்ளே ஸ்டோருக்கு வெளியே நேரடியாக ஆப்பை நிறுவும் கோப்பு) வெளிநாட்டுப் பந்தயத் தளங்களும்தான் இப்போதைய கண்ணி. அங்கே ஜெயித்தாலும் பணம் கைக்கு வரும் என்ற உத்தரவாதம் இல்லை, புகார் சொல்லவும் ஆள் இல்லை.

தென்காசி. அப்பாவுக்கு 64 வயது, கைநடுக்கத்துக்கு இரண்டு ஆண்டாக மாத்திரை. வாழ்நாளில் சீட்டு தொடாதவர், ஆறு மாதமாக ஆரியங்காவு போய்க் கட்டுக்கட்டாகக் கேரள லாட்டரி வாங்குகிறார்.

மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள் தம்பி. பிரமிபெக்சோல், ரோபினிரோல் என்று இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் இந்த மருந்துகள் மூளையின் டோபமைன் ஏற்பிகளைத் தூண்டுகின்றன. சிலருக்குச் சூதாட்டம், அளவில்லாத கொள்முதல், பாலியல் வேட்கை எல்லாம் கிளம்பும். மனநோய்க்குத் தரும் அரிபிபிரசோலிலும் இது நடக்கிறது. நீங்களாக நிறுத்தாதீர்கள், உடல் முடங்கிப்போகலாம். இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பலருக்குப் பழக்கம் அடங்கிவிடும். இது தெரியாமல் "வயசான காலத்தில் புத்தி கெட்டுப்போச்சு" என்று அவரைத் திட்டுவது பெரிய அநியாயம்.

பிளஸ் ஒன் படிக்கும் மகன் விடிய விடிய கேம். போனைப் பிடுங்கினால் கதவை உடைக்கிறான். இது நோயா?

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் மூன்றைப் பார்க்கிறது: நிறுத்தக் கட்டுப்பாடு இல்லை, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டே முதன்மை, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. இவை வழக்கமாக 12 மாதம் நீடித்திருக்க வேண்டும். தேர்வு முடிந்த விடுமுறையில் ஆடுவதை நோய் என்று சொல்லாதீர்கள்.

ஆட்டத்தின் நடுவில் பிடுங்கினால், அவனோடு சேர்ந்து ஆடும் நண்பர்கள் முன்னால் அவனுக்கு மானம் போகிறது, அதனால்தான் அந்த வெறி. "பத்து மணிக்கு" என்று சொல்லாமல் "இந்த மேட்ச் முடிந்ததும்" என்று பேசிவையுங்கள். தூங்கும் நேரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், எழும் நேரத்தைப் பிடியுங்கள்: மூன்று நாளுக்கு ஒரு முறை அரை மணி முன்னதாக எழுப்பி, உடனே வெயிலில் நிற்க வைத்தால் இரவுத் தூக்கம் மெல்ல முன்னால் வரும். பள்ளியில் யாராவது சீண்டுகிறார்களா, மனச்சோர்வு இருக்கிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் இதற்கென்றே ஷட் கிளினிக் என்ற சிகிச்சைப் பிரிவு நடக்கிறது.

நான் சூதாடவில்லை, பங்குச்சந்தையில் ஆப்ஷன் டிரேடிங்தான். இதுவும் அடிமைத்தனமா?

2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகம்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்ததாக, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் ஆய்வு சொல்கிறது. நட்டமான மறுநிமிடம் லாட்டை, அதாவது வாங்கும் அளவை, இரட்டிக்கிறீர்களா? வீட்டில் தொகையைக் குறைத்துச் சொல்கிறீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் இதுவும் ரம்மிதான். டிரேடிங்கைத் தற்காலிகமாக நிறுத்தும் கில் ஸ்விட்சை நம்பாதீர்கள், பிறகு நீங்களே திரும்பத் திறந்துகொள்ளலாம். கணக்கில் டெரிவேட்டிவ் (எஃப் அண்ட் ஓ) பிரிவையே மூடச் சொல்லி புரோக்கருக்கு எழுதுங்கள்.

நான்கு மாதம் நிறுத்தி, நேற்று 2,000 ரூபாய் வைத்து ஆடிவிட்டேன். எல்லாம் போச்சா?

நான்கு மாதம் எங்கும் போகவில்லை. இன்று இரவுக்குள் ஒருவரிடம் தொகையைச் சரியாகச் சொல்லிவிடுங்கள். மறைத்த 2,000 தான் அடுத்த 20,000 ஆகும். பணம் எந்த வழியாகப் போனது என்று பார்த்து அந்த வழியை அடைத்துவிடுங்கள். ஆடுவதற்கு முன்பு என்ன நடந்தது, சண்டையா, போனஸா, குடியா என்று எழுதி, அடுத்த சந்திப்பில் ஆலோசகரிடம் அந்தத் தாளைக் கொடுங்கள்.