பேட்ச் போடுவதும் செக்யூரிட்டி வேலைதான்

கேள்வி: கோவையில் ஒரு உற்பத்தி நிறுவனத்தில் ஐ.டி. மேனேஜராக இருக்கிறேன். 14 வருட அனுபவம். சைபர் செக்யூரிட்டி வேலைகளுக்கு விண்ணப்பித்தால் ஒரு அழைப்பும் வருவதில்லை. ரெஸ்யூமில் எதை மாற்றுவது?

பதில்: இத்தனை பேர் டீம், இவ்வளவு பட்ஜெட், வெண்டர் மேனேஜ்மென்ட் என்றுதான் உங்கள் ரெஸ்யூம் தொடங்கும் என நினைக்கிறேன். ஐ.டி. ஹெட் வேலைக்கு அது சரி. செக்யூரிட்டிக்கு ஆள் எடுப்பவர், எந்த ஆபத்தைக் கண்டுபிடித்தீர்கள், எப்படிக் குறைத்தீர்கள் என்றுதான் பார்ப்பார்.

'சர்வர் பராமரிப்பு, பேட்ச் மேனேஜ்மென்ட்' என்ற வரியையே எடுத்துக்கொள்வோம் (பேட்ச் என்பது மென்பொருள் ஓட்டையை அடைக்கும் அப்டேட்). எத்தனை சர்வர்? கிரிட்டிகல் பேட்ச் வந்தால் முன்பு எத்தனை நாளில் போட்டீர்கள், இப்போது எத்தனை நாள்? பேட்ச் போடவே முடியாத மெஷின்களை என்ன செய்தீர்கள்? உங்களைப் போன்ற ஆலைகளில் சி.என்.சி. மெஷினோடு ஒட்டிக்கொண்டு ஒரு விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். 2020 ஜனவரியோடு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு அதற்கு முடிந்துவிட்டது. அதைத் தனி நெட்வொர்க்கில் ஒதுக்கி, யூ.எஸ்.பி.யை அடைத்து வைத்தீர்களா? அதை முதல் பக்கத்தில் எழுதுங்கள். படித்து மட்டும் வந்தவரிடம் இது இருக்காது.

வேலையை விட்டுப் போனவர்களின் லாகின் கணக்கை முடக்கிய முறை, பேக்கப்பை நிஜமாகவே மீட்டுப் பார்த்தது, இதெல்லாம் சேரும். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு, குறிப்பிட்ட சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், லாக்குகளை (சிஸ்டம் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. அதற்கு நீங்கள் ஏற்பாடு செய்திருந்தால் அது நேரடி செக்யூரிட்டி அனுபவம்.

அப்புறம், எங்கே விண்ணப்பிக்கிறீர்கள்? ஷிஃப்டில் உட்கார்ந்து அலர்ட் பார்க்கும் சாக் அனலிஸ்ட் வேலைக்கு 14 வருட மேனேஜரைக் கூப்பிடத் தயங்குவார்கள். ஐ.எஸ்.ஓ. 27001 (தகவல் பாதுகாப்புத் தரநிலை), ரிஸ்க், ஆடிட், ஆலை மெஷின்களைக் காக்கும் ஓ.டி. செக்யூரிட்டி ஆகியவை உங்களுக்குப் பொருந்தும். சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்ற செக்யூரிட்டி சான்றிதழுக்கு, அதன் 8 செக்யூரிட்டி துறைகளில் குறைந்தது இரண்டில் 5 வருட அனுபவம் கேட்கிறார்கள். பார்த்த வேலைதான் கணக்கு, பதவிப் பெயர் அல்ல.

ஆர்வக் கோளாறில் ஃபயர்வால் மாடல், ஐ.பி. விவரம், ஆடிட்டில் வெளிவந்த ஓட்டைகளையெல்லாம் எழுதிவிடாதீர்கள். பழைய கம்பெனி ரகசியத்தைக் கொட்டுபவரை எந்த செக்யூரிட்டி டீமும் சேர்க்காது. பதவிப் பெயரையும் மாற்ற வேண்டாம், வெரிஃபிகேஷனில் எச்.ஆர். 'ஐ.டி. மேனேஜர்' என்றுதான் சொல்வார். பெயரை அப்படியே விட்டு, கீழே முதல் மூன்று வரிகளில் செக்யூரிட்டி வேலையை வையுங்கள்.