புளூகிராஸ் (அமெரிக்கக் கம்பி வாத்திய நாட்டுப்புற இசை) ஜாமில் சேர்ந்து வாசிக்க: கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் கிட்டாரில் நிறையப் பாட்டு சுத்தமாக வாசிக்கிறேன். ஜாமில் (ஒத்திகை இல்லாமல் வட்டமாகக் கூடி வாசிக்கும் இடத்தில்) உட்கார்ந்தால் இரண்டாவது வரியிலேயே தொலைந்துவிடுகிறேன். ஏன்?

பதில்: வீட்டில் நீங்கள் தடுமாறினால் பாட்டு உங்களுக்காக நிற்கும். ஜாமில் நிற்காது. விட்ட இடத்துக்குத் திரும்பப் போகாமல், பாட்டு இப்போது எங்கே ஓடுகிறதோ அங்கே ஏறிக்கொள்ளப் பழகுங்கள். ஒரு பதிவை ஓடவிட்டு, நிறுத்தாமல் கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி) மட்டும் அடியுங்கள். தவறினால் கையை எடுத்துவிட்டு அடுத்த வரியின் தொடக்கத்தில் நுழையுங்கள். தாளம் பிசகாமல் கார்டு மாற்றத் தெரிந்தவருக்கு எந்த ஜாமிலும் இடம் உண்டு. லீட் (தனியாக மெட்டு வாசிப்பது) எல்லாம் அப்புறம்.

கேள்வி: நான் மாண்டலின். கேட்டே இராத பாட்டைத் தொடங்கிவிடுகிறார்கள். கார்டு எழுதிய தாள் கொண்டு போகலாமா?

பதில்: வேண்டாம். தாளைப் பார்த்தால் ஆளைப் பார்க்க முடியாது. கிட்டார்க்காரருக்கு எதிரே உட்கார்ந்து அவருடைய இடது கையைப் படியுங்கள். ஜி கார்டு என்றால் விரல்கள் இரண்டு ஓரக் கம்பிகளுக்கும் விரிந்திருக்கும். சி என்றால் கை குறுக்கே சாய்ந்து படிக்கட்டு மாதிரி இறங்கும். டி என்றால் மூன்று விரலும் மெல்லிய கம்பிகளில் முக்கோணமாகக் கூடும். பெரும்பாலான பாட்டுகள் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அமுக்கிச் சுருதியை ஏற்றும் கவ்வி) இரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பி) இருந்தால் அதே கைகள் ஏ, டி, ஈ என்று ஒலிக்கும். அதனால்தான் கார்டுகளை ஒன்று, நான்கு, ஐந்து என்று, சுரவரிசையில் அவற்றின் இடத்தை வைத்து, எண்ணாக மனதில் வைக்கச் சொல்கிறேன். சுருதி மாறினாலும் எண் மாறாது. முதல் சுற்றில் கம்பிகளை அமுக்காமல் தொட்டபடி இரண்டாம், நான்காம் அடிகளில் மெல்ல ‘சாப்’ (சட்டென வெட்டும் தாள அடி) மட்டும் அடியுங்கள். ஒன்றையும் மூன்றையும் பாஸ் (கனத்த குரல் கொண்ட பெரிய கம்பி வாத்தியம்) பார்த்துக்கொள்ளும். இரண்டாம் சுற்றில் கார்டு தானாக விழும்.

கேள்வி: அண்ணா, நான் பாஞ்சோ (தோல் போர்த்திய வட்ட உடல் கொண்ட கம்பி வாத்தியம்). யாராவது பாடும்போது நான் வாசித்தால் முகம் சுளிக்கிறார்கள்.

பதில்: 1945 கடைசியில் பாஞ்சோக்காரர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் தன் மூன்று விரல் வாசிப்போடு, புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்தபிறகுதான் இந்த இசைக்கு இன்றைய வடிவம் வந்தது. மூன்று விரலால் கம்பிகளை மாற்றி மாற்றி மீட்டும் அந்த உருட்டலைக் கற்ற எவருக்கும் விடாமல் உருட்டத் தோன்றும். ஆனால் ஸ்க்ரக்ஸின் பதிவுகளில் பாடகருக்குப் பின்னால் வாசிப்பதைக் கேளுங்கள்: எவ்வளவு அடங்கி, வரிகளுக்கு இடையிலான இடைவெளிகளை மட்டும் நிரப்புகிறார்! பாடகரின் சொல் காதில் விழவில்லை என்றால் உங்கள் சத்தம் அதிகம். கிட்டார் தனியாக வாசிக்கும்போது இன்னும் குறையுங்கள். அந்த வாத்தியத்துக்குக் குரல் சின்னது.

கேள்வி: ‘பிரேக்’ (தனியாக வாசிக்கும் முறை) என்னிடம் வரும்போது கை உறைந்துபோகிறது.

பதில்: கச்சேரியில் பாடகர் வயலினுக்கு விடுவதைப் போல, இங்கே பாட்டைத் தொடங்கியவர் உங்களைப் பார்ப்பார். தயார் இல்லையென்றால் உடனே தலையாட்டி மறுத்துவிடுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். கடைசி நொடிவரை யோசிப்பதுதான் எல்லோரையும் குழப்பும். ஏற்றுக்கொண்டால் பாடிய மெட்டை அப்படியே, அலங்காரமில்லாமல் வாசியுங்கள். எனக்கு அதுதான் வேகமான விரல் வித்தையைவிடப் பிடிக்கும்.

கேள்வி: ஏன் பி சுருதியில் பாடிப் படுத்துகிறார்கள்?

பதில்: பாடுபவரின் குரலுக்கு எது பொருந்துகிறதோ அதுதான் சுருதி. மன்றோவின் உச்சக்குரல் வழி வந்த பழக்கமும் உண்டு. கிட்டாரில் நான்காம் ஃப்ரெட்டில் கேப்போ வைத்து ஜி பிடியுங்கள். பாஞ்சோவில் ஐந்தாம் கம்பியையும் ஒன்பதாம் ஃப்ரெட்டில் தனியாக ஏற்ற மறக்காதீர்கள்.

கேள்வி: பாட்டு முடிவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தொடங்கியவரின் காலைப் பாருங்கள். ஒரு காலைத் தூக்கினால் அதுதான் கடைசிச் சுற்று. பாடலில் கடைசி வரியை இன்னொரு முறை பாடுவதும் உண்டு, அதனால் அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் எங்கே தொடங்கலாம்?

பதில்: ‘ஸ்லோ ஜாம்’ (மெதுவான வேகத்தில் வாசிக்கும் ஜாம்) என்று அறிவிக்கும் இடத்தில். ஹாட் ரைஸ் என்ற புளூகிராஸ் குழுவின் பாஞ்சோக்காரர் பீட் வெர்னிக் ஆரம்பக்காரர்களுக்கென்றே பல ஆண்டுகளாக ஜாம் வகுப்புகள் நடத்தியிருக்கிறார். அந்த முறையில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பல மாநிலங்களில் இருக்கிறார்கள். விழாக்களுக்குப் போனால் மேடையோடு நிற்காமல் முகாம் பகுதிக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் நடந்து போங்கள், இரவெல்லாம் வாசிப்பார்கள். வேகமான வட்டம் என்றால் வெளியே நின்று மெல்ல கார்டு அடித்துப் பாருங்கள். யாராவது நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தால் உள்ளே போங்கள்.