சுருதி இறக்குவது ஏமாற்றா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக வாசித்துவரும் ஹெவி மெட்டல் குழுக்களின் அண்மைய கச்சேரிப் பதிவுகளை வரிசையாகப் பார்த்தேன். பல பாட்டுகள் ஆல்பத்தில் இருப்பதைவிடச் சுருதி இறங்கி ஒலிக்கின்றன. ஊருக்கு ஊர் அதே பாட்டுகள், அதே வரிசை. ஜூடாஸ் பிரீஸ்ட்டில் கிட்டார் கலைஞர் கிளென் டிப்டன் கடைசிப் பாட்டுகளுக்கு மட்டும் வந்து போகிறார். இது காசு கொடுத்து வருபவனை ஏமாற்றுவது இல்லையா? பேசாமல் ஓய்வு பெற்றுவிடலாமே? அடுத்த மாதம் முதல்முறையாக இப்படி ஒரு கச்சேரிக்குப் போகிறேன். எங்கே நின்று கேட்பது நல்லது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சுருதியை இறக்கினால் உச்சத்தை எட்டுவதில் பாடகருக்குக் கிடைக்கும் சலுகை கொஞ்சம், கிட்டார் பக்கம் வந்து விழும் வேலை ஏராளம். அரைக்கட்டை இறக்கினால் மேல் ஈ எனப்படும் மிக மெல்லிய தந்தி 329.6 ஹெர்ட்ஸிலிருந்து 311-க்கு வரும். இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் தந்தியின் விறைப்பு 11 சதவீதம் குறைந்துவிடும். ஒரு கட்டை இறக்கினால் 21 சதவீதம். தொய்ந்த தந்தியை மெட்டலுக்கு வேண்டிய வேகத்தில் ஓங்கி அடித்தால் அடித்த கணத்தில் சுருதி மேலே ஏறி, பிறகுதான் இறங்கும். கிட்டார்க் கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளில் உரசிக் கரகரக்கும். இரண்டு கிட்டார் ஒரே ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை, வாசிக்கும்போது இந்த ஆட்டம் இரண்டிலும் ஒரே அளவில் இருக்காது, ரிஃப் கலங்கிவிடும்.

இதற்குத் தடித்த தந்தி போடுவார்கள். 10 அளவுத் தந்தியை (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்குத் தடிமன்) எடுத்துவிட்டு 11 போட்டால், ஒரு கட்டை இறக்கிய பிறகும் பழைய விறைப்பில் 96 சதவீதம் திரும்பக் கிடைக்கும். வேலை அதோடு முடியாது. கழுத்தின் மேல்முனையில் தந்தியைத் தாங்கும் நட்டில் உள்ள பள்ளம் பழைய தந்திக்கு அறுத்தது. தடித்த தந்தி அதில் சிக்கிக்கொண்டு, விரலால் பக்கவாட்டில் வளைத்து (பெண்ட்) விட்டபின் சுருதிக்குத் திரும்பாது. அதை அரம் போட்டு அகலமாக்க வேண்டும். தந்திகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு தந்திக்கும் நீளத்தைத் திருத்த வேண்டும். ஃபிளாய்ட் ரோஸ் மாதிரி மிதக்கும் பிரிட்ஜ் என்றால் பின்னால் உள்ள ஸ்பிரிங்கையும் சரிசெய்தாக வேண்டும். ஒரு தந்தியைத் தொட்டால் மற்ற ஐந்தும் நகரும். மேடையில் நின்றபடி செய்கிற காரியமில்லை இது. ஆகவே ஒவ்வொரு சுருதிக்கும் தனிக் கிட்டார், அதற்கொரு மாற்று. டெக்னீஷியன் அவசரத்தில் தவறான கிட்டாரைத் தோளில் மாட்டிவிட்டால் முதல் கார்டிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

தவிர, இறக்குவது முதுமையின் அடையாளமும் இல்லை. ஆலை விபத்தில் இரண்டு விரல்நுனிகளை இழந்த கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி, 1971-இலேயே பிளாக் சாபத்தின் பல பாட்டுகளை ஒன்றரைக் கட்டை இறக்கி வாசித்தார், தந்தி தளர்ந்தால் விரலுக்கு வலி குறையும் என்று. அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. அந்தக் கனத்த ஒலியிலிருந்துதான் பாதி மெட்டல் பிறந்தது.

பாட்டு வரிசையைத் தொண்டையை வைத்துத்தான் போடுகிறார்கள். உச்சத்தில் கத்தவேண்டிய பாட்டுகள் இரண்டை அடுத்தடுத்து வைப்பதில்லை. நடுவே நீண்ட கிட்டார்ப் பகுதி உள்ள பாட்டோ, கூட்டமே பாடிவிடும் பல்லவியோ வரும். நாளுக்கு நாள் மாற்றாததற்கு இன்னொரு காரணம் விளக்கும் நெருப்பும். எந்த வரியில் எங்கே சுடர் எழும் என்று முன்பே அமைத்துவிடுகிறார்கள். 1992 ஆகஸ்டில் மாண்ட்ரியலில், புதிதாகச் சேர்த்த நெருப்பு அமைப்பால் வந்த குழப்பத்தில் மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் சுடர் எழும் இடத்தில் போய் நின்றார். கையில் கடுமையான தீக்காயம். அதன்பின் சில வாரங்கள் அவர் பாட மட்டும் செய்தார், கிட்டாரை வேறொருவர் வாசித்தார். அதே மெட்டாலிகா 2023 முதல் ஓர் ஊரில் இரண்டு இரவு, ஒரு பாட்டுகூடத் திரும்ப வராமல் வாசித்தது. இரண்டு இரவுக்கும் நடுவே பெரும்பாலும் ஒருநாள் ஓய்வு வைத்துக்கொண்டார்கள் என்பதையும் கவனியுங்கள்.

டிப்டன் விஷயத்தில் உங்களோடு எனக்கு முழு முரண்பாடு. 2018-இல் தனக்கு பார்க்கின்சன் நோய் என்பதை வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஆண்டு வெளிவந்த ஆல்பத்தைத் தயாரித்தவர்களில் ஒருவரான ஆண்டி ஸ்னீப் பயணங்களில் அவர் இடத்துக்கு வந்தார். தன்னால் முடிகிற பாட்டுகளுக்கு மட்டும் டிப்டன் மேடையேறினார். இதில் மறைத்தது என்ன? 2022 ஜனவரியில் குழு ஒற்றைக் கிட்டாரோடு பயணம் போவதாக அறிவித்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். சில நாளிலேயே முடிவு திரும்பப் பெறப்பட்டது. ரசிகர்கள் பக்கம்தான் நியாயம். ஒருவர் தனி வாசிக்கும்போது மற்றவர் ரிஃப்பை விடாமல் பிடித்திருப்பதுதான் ஜூடாஸ் பிரீஸ்ட்டின் அமைப்பு. ஒருவர் இல்லாவிட்டால் தனி வாசிப்பின் அடியில் பாஸ் மட்டும் மிஞ்சும்.

ஓய்வு பெறவேண்டிய இடத்தில் பெறவும் செய்கிறார்கள். அயர்ன் மெய்டனின் டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்னுக்கு 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்தது. தேறி வந்து வாசித்தார். 2024 டிசம்பரில் சாவ் பாவ்லோ கச்சேரியோடு பயணங்களிலிருந்து விலகிக்கொண்டார். பாடகர் குரலைக் கொஞ்சம் அடக்கிப் பாடலாம், கூட்டம் மீதியை நிரப்பிவிடும். டிரம்ஸில் அந்த வசதி கிடையாது. இரு கால்களாலும் மாறி மாறி அடிக்கும் பாஸ் டிரம்மில் வேகம் தளர்ந்தால் மொத்தக் குழுவும் தளரும்.

இனி நீங்கள் நிற்கவேண்டிய இடம். முன்வரிசை பார்ப்பதற்கு மட்டுமே நல்லது. பெரிய ஸ்பீக்கர்கள் உங்கள் தலைக்கு மேலே கடந்து பின்வரிசைகளை நோக்கிப் பாயும். உங்களுக்கு நேரடி டிரம்ஸும் மேடை விளிம்பிலுள்ள சின்னப் பெட்டிகளும்தான். பாட்டு வரிகள் அமுங்கிப்போகும். ஒலிக்கலவை மேசைக்குச் சற்று முன்னால், மையத்திலிருந்து சற்று விலகி நில்லுங்கள். ஒலிப்பொறியாளர் கேட்டுச் சரிசெய்வது அந்த ஒலியைத்தான். நடுக்கோட்டில் சப்வூஃபர் பெட்டிகளின் தாழ்ந்த ஒலி குவியும் என்பதால்தான் விலகச் சொல்கிறேன்.

100 டெசிபல் ஒலிக்குப் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கு. 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். மெட்டல் கச்சேரி 100-ஐத் தாண்டுவது சாதாரணம். காதில் செருகும் நுரை அடைப்பான் உச்ச ஒலியை அதிகமாக வெட்டி எல்லாவற்றையும் மந்தமாக்கும். இசைக் கலைஞர்கள் போடும் வடிகட்டி வைத்த அடைப்பான் எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். நுரைதான் கிடைத்தது என்றால் மெல்லிய குச்சியாக உருட்டி, மறுகையால் காதின் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்துச் செருகி, அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். பாதி மட்டும் உள்ளே போனால் பயனில்லை. தொடக்கக் குழு வாசிக்கும்போதே போட்டுக்கொள்ளுங்கள். மாற்றுக்கு ஒரு ஜோடி பையில் இருக்கட்டும், நெரிசலில் ஒன்று கட்டாயம் கீழே விழும்.