பிரெட்போர்டில் கரண்ட் மிரர் ஏன் பொருந்துவதில்லை?

தம்பி, மட்டக்களப்புக் கடையில் வாங்கிய இரண்டு பிசி547 திரான்சிஸ்டரால் பிரெட்போர்டில் (சொல்டர் இல்லாமல் பாகங்களைக் குத்திப் பார்க்கும் பலகையில்) கரண்ட் மிரர், அதாவது ஒரு பக்கக் கரண்டை மறுபக்கம் அப்படியே பிரதி எடுக்கும் சுற்று, கட்டி 1 மில்லிஅம்பியர் கொடுத்தால் மறுபக்கம் 1.4 வருகிறது என்கிறீர்கள். சுற்றில் பிழையில்லை. இரண்டு திரான்சிஸ்டரும் அச்சொட்டாக ஒன்று என்று நம்பித்தான் இந்தச் சுற்று ஓடுகிறது. பேஸ்-எமிற்றர் வோல்டேஜில் 18 மில்லிவோல்ட் வித்தியாசமே கரண்டை இரட்டிப்பாக்கிவிடும். ஐசிக்குள் (சிப்புக்குள்) என்றால் இரண்டும் ஒரே சிலிக்கன் துண்டில் அருகருகே இருப்பதால் அளவும் சூடும் ஒன்றுதான்.

வெளியீட்டுத் திரான்சிஸ்டரை மட்டும் விரலால் பிடித்துப் பாருங்கள், மீற்றர் மெல்ல ஏறும். சூடு ஒரு பாகை செல்சியஸ் ஏற, அதே கரண்டுக்குத் தேவையான பேஸ்-எமிற்றர் வோல்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்குகிறது. சித்திரை வெயில் ஒன்றில் மட்டும் பட்டால் கேட்கவே வேண்டாம்!

இரண்டு எமிற்றரிலும் 220 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். 10 மில்லிவோல்ட் வித்தியாசம் தரும் 47% பிழை, 4% அளவுக்கு இறங்கும். தட்டை முகங்களைச் சேர்த்து ஒட்டியும் விடுங்கள். கலெக்டர் வோல்டேஜோடு கரண்டும் மாறினால் அது ஏர்லி விளைவு. அதற்கு, மூன்றாவது திரான்சிஸ்டர் சேர்த்து அந்த மாற்றத்தைக் குறைக்கும் வில்சன் மிரர் கட்டுங்கள்.